மன்னார்க் கடலடியில் பவள ஆராய்ச்சி

திருச்செந்தூரிலிருந்து தெற்கே, செந்நிறத் தேரிகளையும் பனங்காடுகளையும் கடந்து சென்றால் குலசேகரன்பட்டினத்தை அடைகிறோம். குலசேகர பாண்டியன் பெயரால் அமைந்ததென்று சொல்லப்படும் இப்பழந்துறைமுகத்தைத் தசராத் திருவிழாவிற்காக நாடு முழுதும் அறியும். 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு, உலகமும் அறியத் தொடங்கியிருக்கிறது. வானத்தைப் பற்றிய பேச்சு இக்கரைக்குப் புதிது. பல நூற்றாண்டுகளாக இங்குள்ளவர் பேசி வந்தது கடலின் அடித்தளத்தைப் பற்றியே.

குமரிமுனை தொடங்கிக் கீழக்கரை வரையில், கரைக்குச் சில கல் தொலைவில், நீரினுள் கற்படுகைகள் ஆங்காங்கே கிடக்கின்றன. இவற்றைக் கடலோடிகள் ‘பார்’ என்பர். முத்துச் சிப்பி பற்றி வளர்வது இப்பார்களில்தான். பரதவரும் முஸ்லிம்களும் இடுப்பில் கயிறும் காலில் கல்லும் பூட்டிக்கொண்டு இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளை வாரி வந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இத்தொழிலை எழுதி வைத்தான். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக் கூலி பெற்றவர்களையும் அவன் மறக்கவில்லை. அவர்களுக்குக் ‘கடல்கட்டி’ என்று பெயர். ஆங்கில அரசாங்கங்கூடச் சலாப காலத்தில் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது என்றால் நேயர்கள் வியப்படையலாம். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளிப்பவனின் அச்சத்தைக் கட்டியது. அதுவும் ஒரு பயன்தானே!

கடலடியைப் பற்றிய அறிவு நெடுங்காலம் இம்மனிதர்களின் ஒரு நிமிட மூச்சுக்குள் அடங்கியிருந்தது. அந்த ஒரு நிமிடத்திலும் அவர்கள் கண்டது மங்கலான காட்சியே. நம் கண் காற்றில் பார்ப்பதற்கென அமைந்தது. அது நீரை நேரே தொடும்போது உருவங்கள் கலங்கிவிடும். ஆகவே, குளிப்பவர் பெரிதும் கையால் தடவியே அறிந்தனர். சென்னை அருங்காட்சியகத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1889-ஆம் ஆண்டுத் தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் கண்டு, மறு ஆண்டு மன்னார் வளைகுடாவின் உயிர்களைப் பற்றி நூல் எழுதினார். பின்னர் ஜேம்ஸ் ஹார்னெல் முத்தையும் சங்கையும் ஆராய்ந்தார். இவர்கள் பெரும் உழைப்பாளிகள். ஆயினும், அவர்கள் காலத்து ஆராய்ச்சி பெரும்பாலும் படகின்மேல் நடந்தது. வலை அள்ளியதையும், குளிப்பவர் கொணர்ந்ததையும், நீர் வற்றியபோது வெளிப்பட்டதையும் கொண்டே கடலடியை ஊகித்தனர். காட்டைப் பாராமல், வெட்டி வந்த விறகைக் கொண்டு காட்டை வருணிப்பது போன்றது இது.

1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் காஞானும் ஒரு கருவியை உருவாக்கினர். அழுத்தி அடைத்த காற்றுக் குப்பியை முதுகில் சுமந்து செல்பவனுக்கு, அவன் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கேற்பக் காற்றை அளிப்பது அது. நீரில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே, இருபது மீட்டரில் கரையிலே செலவாவதைப் போல் மும்மடங்கு காற்று செலவாகும். விரைந்து மேலேறினாலோ இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிட்டு உயிருக்கே ஊறு செய்யும். காலத்தையும் ஆழத்தையும் கணக்கிட்டுக்கொண்டே ஆராய்ச்சியும் செய்ய வேண்டும்.

இக்கருவியுடன் நம் கடலில் இறங்கியவர்கள் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள். 1947-இல் சென்னையில் தோன்றிய இந்நிலையம் 1949-இல் மண்டபத்திற்கு மாறியது. முத்துப் பார்களின் நிலையை அறிவதே முதல் நோக்கம். 1955 முதல் சில ஆண்டுகள் நடந்த சலாபம் 1961-உடன் நின்றுபோயிற்று. சிப்பிகள் எங்கே போயின என்று இறங்கிப் பார்த்தாக வேண்டும். எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகிய இருவரும் 1960-களில் தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள கடலடியை நேரில் கண்டு, கட்டுரைத் தொடராக எழுதினர். பாறை எங்கே எழுகிறது, மணல் எங்கே படர்கிறது, எவ்வுயிர் எதன்மேல் ஒட்டுகிறது என்று அங்கேயே பார்த்துக் குறித்தனர். கடலோடிகள் பெயரிட்டு வைத்த பார்களுக்கு இவ்வாறு விஞ்ஞானத்தின் சாட்சியம் கிடைத்தது.

முத்தைத் தேடிச் சென்றவர்களின் பார்வை பவளத்தின்மேலும் விழுந்தது. குலசேகரன்பட்டினத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில் தூத்துக்குடி. அங்கிருந்து பாம்பன் வரை 140 கிலோமீட்டரில் 21 சிறு தீவுகள் நிரையாய் அமைந்தன. அவற்றைச் சூழ்ந்திருப்பவை பவளத் திட்டுகள். பவளம் கல்லன்று, சுண்ணாம்பால் வீடு கட்டி வாழும் மெல்லுடல் உயிரினத்தின் ஊர். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு அதற்கு உணவு ஆக்கித் தருகின்றன. சேறு மூடினால் ஒளியில்லை, ஒளியில்லையேல் பாசியில்லை.

அந்த ஊரையே மக்கள் பெயர்த்தெடுத்துக்கொண்டிருந்தனர். வள்ளங்களில் ஏற்றப்பட்ட பவளக்கல் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் வீட்டுச் சுவர்களுக்கும் சென்றது. 1969 ஜனவரியில் மண்டபத்தில் பவளப்பாறைகள் பற்றிய மாநாடு கூடிற்று. பிற்காலத்தில் அனைத்துலகப் பவளப்பாறை மாநாடுகளின் வரிசையில் முதலாவது என்று எண்ணப்படுவது இதுவே. இரண்டாவது 1973-இல் ஆஸ்திரேலியக் கடலில் நடந்தது. நம் மாணவர் பலர் இதை அறியாதது வருத்தத்திற்குரியது. 1972-இல் வெளிவந்த அம்மாநாட்டுத் தொகுப்பில், பவளம் எங்கெங்கே உள்ளது என்பதோடு, அது எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதையும் மகாதேவனும் நாயரும் பதிவு செய்தனர். அதே நிலையத்தின் சி. எஸ். கோபிநாத பிள்ளை இனங்களைப் பிரித்தறியும் பணியில் ஆயுளைச் செலவிட்டார். 1986-இல் தென்கிழக்குக் கரைக்கு அவர் தந்த கணக்கு 37 பேரினங்களில் 94 இனங்கள். இன்று எது அழிந்தது, எது எஞ்சியது என்று கேட்போர் திரும்பிச் செல்வது இப்பட்டியலுக்கே.

அவ்வாண்டே தீவுகள் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் கல்லெடுப்பு ஓய்ந்தது. ஆனால், 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் ஏற்கெனவே நீருள் மறைந்துவிட்டன. சட்டம் தடுக்க இயலாத இடரும் வந்தது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பம் மிகுந்து, பாசிகள் நீங்கப் பவளங்கள் வெளிறின. 1998-இல் தூத்துக்குடியில் தோன்றிய சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் நீரில் மூழ்கித் திட்டுதோறும் அளவெடுத்து, பவள இனங்கள் 117 என்று கண்டனர். உடைந்த பவளக் கிளைகளை எடுத்துக் கடலடியில் நட்டு வளர்க்கவும் முற்பட்டனர்.

தூத்துக்குடிக்கு அருகே வான் தீவு தேய்ந்துகொண்டே வந்தது. அதைக் காக்க, அலையின் வேகத்தைத் தணிக்கும் காங்கிரீட் கட்டுமானங்களைக் கொண்டு சென்று இறக்கினார்கள். ஒரு காலத்தில் வள்ளம் வள்ளமாகக் கல்லைக் கரைக்குக் கொணர்ந்த அதே கடலில், இப்போது கரையிலிருந்து கல் போகிறது.