பெரட்டுக் களமும் கணினியும்



சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் அனைவரும் பெரட்டுக் களத்தை அறிந்தவர்கள். விடியுமுன் ஆள் எண்ணுவார்கள். ஒருவர் வராவிட்டால் அவருடைய நிரையை வேறொருவருக்குக் கொடுப்பார்கள். மழை பெய்தால் பால்வெட்டு நின்று, ஆட்கள் வேறு வேலைக்குப் போவார்கள். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இந்தச் சிக்கல் கணினிக்கும் வந்தது. அது தீர்ந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

நம் நாட்டில் ஊழியர் சேமநிதி 1951-இல் தோன்றியது. இத்தகைய நிதியில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கணக்கு உண்டு. இப்படிப்பட்ட பெரிய பதிவேட்டைக் கணினியில் ஒழுங்குபடுத்தி வைப்பதே தரவுத்தளம். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக அமைக்கும் முறையை வெளியிட்டார். 1979-இல் அங்கேயே பணியாற்றிய பட்ரிசியா செலிஞ்சரும் அவருடைய தோழர்களும் அடுத்த படியை விளக்கினர். விடை தேடப் பல வழிகள் இருந்தால், செலவு குறைந்த வழியைக் கணினியே கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை அது.

வழி கிடைத்தும் நெரிசல் தீரவில்லை. ஒருவர் தம் கணக்கின் இருப்பைக் கேட்கிறார். அது நொடியில் முடியும் வேலை. அதே நேரத்தில் எல்லாருடைய ஆண்டுக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கோ பல மணி நேரமாகும். எதற்கு முதலிடம்? முன்பெல்லாம் இயக்குநர்கள் அனுபவத்தைக் கொண்டு கையால் வரிசை அமைத்தார்கள்.

1994-இல் ஐ.பி.எம்.மின் பெருங்கணினிகளில் புதிய முறை வந்தது. இன்ன வேலை இத்தனை நொடியில் முடிய வேண்டும், அது இவ்வளவு முக்கியம் என்று மனிதர் இலக்கை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். கணினி 10 நொடிக்கொரு முறை தன்னையே அளந்து பார்க்கும். பின்தங்கிய வேலைக்கு, நன்றாக நடக்கும் வேலையிலிருந்து சற்றே வலுவை எடுத்துக் கொடுக்கும். நாம் நினையாமலே இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் நரம்புகளை உவமையாகக் கொண்டு, இத்தகைய தன்னாட்சி முறைகளுக்கு அந்நிறுவனம் 2001-இல் பெயர் சூட்டியது.

ஆனால் ஒன்றை நாம் மறக்கலாகாது. கங்காணி வேண்டியவருக்கு நல்ல நிரையும் வேண்டாதவருக்கு மேட்டு நிரையும் கொடுத்தால் கேட்க ஓர் ஆளாவது எதிரே நின்றார். கணினிக்கு அந்த ஓரவஞ்சனை இல்லை, இரக்கமும் இல்லை. முதியவரின் விண்ணப்பத்தைக் கடைசியில் வை என்று எழுதிவிட்டால், அது தவறாமல் கடைசியிலேயே வைக்கும். எது முக்கியம் என்று எழுதுவது மனிதரின் கை.

அந்தக் கையில் நம் பிள்ளைகளின் கையும் இருக்க வேண்டாமா? கூலிமில் 1996-இல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, இத்துறை கெடாவுக்குத் தொலைவில் இல்லை. பிள்ளைகளைப் படிக்க வைப்போம்.