கூரைக்குக் கீழே புளூகிராஸ்: அமெரிக்க உள்ளரங்க நாட்டுப்புற இசைவிழாவின் வரலாறு

பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில் ஆகியவற்றோடு பாடும் அமெரிக்க நாட்டுப்புற இசையான புளூகிராஸின் விழா எங்கே பிறந்தது என்று தேடினால் நூல்கள் ஒரு குதிரைப் பண்ணையைத்தான் காட்டுகின்றன. 1965 செப்டம்பரில், தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, வர்ஜீனியா மாநிலத்தின் ஃபின்காசில் அருகே இருந்த அந்தப் பண்ணையில் கார்ல்டன் ஹேனி என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் மூன்று நாள் விழா எடுத்தார். பல நாள் புளூகிராஸ் விழா என்ற வடிவம் அங்கே தொடங்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தத் தொடக்கக் கதை ஒரு தவறான எண்ணத்தையும் வேரூன்றச் செய்துவிட்டது. புல்வெளியும் கூடாரமும்தான் இவ்விசையின் இயல்பான வீடு என்றும், குளிர்காலத்தில் மண்டபங்களிலும் விடுதிகளிலும் நடக்கும் விழாக்கள் வேறு வழியில்லாமல் செய்துகொண்ட ஏற்பாடு என்றும் பலர் கருதுகிறார்கள். காலவரிசை இதற்கு நேர் எதிரான சான்றுகளைத் தருகிறது. இந்த இசையின் ஒலியமைப்பு அரங்கில்தான் உருவானது. அதை அமைதியாக உட்கார்ந்து கேட்கும் அவையும் அரங்கில்தான் உருவானது. புல்வெளி அதற்குப் பிறகே வந்தது.

1924இல் சிகாகோவின் டபிள்யூஎல்எஸ் வானொலியும், 1925இல் நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் வானொலியும் சனிக்கிழமை இரவுகளில் நாட்டுப்புற இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கின. களஞ்சியக் கொட்டகை நடனம் என்று பெயர் சூட்டிக்கொண்டாலும் அவை நகரத்து அரங்குகளில் நடந்தவை. சிகாகோ நிகழ்ச்சி 1932 முதல் எட்டாம் தெரு திரையரங்கில், கட்டணம் செலுத்திய பார்வையாளர் முன் நடந்தது. நாஷ்வில் நிகழ்ச்சியான ‘கிராண்ட் ஓலே ஆப்ரி’ 1943இல் ரைமன் அரங்குக்கு வந்தது. 1974 வரை அங்கேயே இருந்தது. டாம் ரைமன் என்ற படகுத் தலைவர் ஒரு மதப் பிரசங்கியின் பேச்சால் மனம் மாறி எழுப்பிய பிரார்த்தனைக் கூடம் அது, 1892இல் திறக்கப்பட்டது. வளைந்த மரப் பெஞ்சுகளும் மேல்மாடமும் பாடகரின் குரலைக் கடைசி வரிசை வரை கொண்டுசேர்த்தன.

கென்டக்கியைச் சேர்ந்த மாண்டலின் கலைஞர் பில் மன்றோ 1939இல் ஆப்ரியில் சேர்ந்தார். 1945 டிசம்பரில் அவருடைய ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவுக்கு ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் வந்தார். மூன்று விரல்களால் பாஞ்சோவை மீட்டும் அவரது வேகம் ரைமன் அவையைத் திகைக்க வைத்தது. கிட்டாருடன் பாட லெஸ்டர் ஃபிளாட், ஃபிடிலில் சப்பி வைஸ், பேஸில் ஹோவர்ட் வாட்ஸ் என்று ஐவர் கூடிய அந்த அணிதான் புளூகிராஸின் இலக்கணத்தை வகுத்தது என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். 1946 செப்டம்பரில் அந்த அணி தன் முதல் இசைத்தட்டுகளைச் சிகாகோவில் பதிவு செய்தது.

இங்கே மைக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய மேடைகளில் ஒரே ஒரு மைக்கைச் சுற்றித்தான் குழு நின்றது. தனி வாசிப்புக்கு முறை வந்தவர் மைக்கை நெருங்குவார். முடிந்ததும் விலகி அடுத்தவருக்கு இடம் விடுவார். மற்றவர்கள் பின்னால் நின்று தாளம் கொடுப்பார்கள். மாண்டலினின் வெட்டுத் தாளமே மத்தளத்தின் வேலையைச் செய்தது. யார் உரக்க ஒலிக்க வேண்டும், யார் அடங்க வேண்டும் என்பதை மைக்குக்கும் கருவிக்கும் இடையே இருந்த அடிக்கணக்கு தீர்மானித்தது. முறைவைத்துத் தனி வாசிப்பு, மூவர் நால்வர் தலைகளை ஒட்டிவைத்துப் பாடும் இணைகுரல் என்று புளூகிராஸின் அடையாளங்களாக நாம் இன்று சொல்பவை இந்த ஏற்பாட்டில் செழித்தவை. காற்று அடித்தால் ஒலி சிதறும் வெட்டவெளியில் இத்தனை நுட்பம் கைகூடியிருக்குமா என்பது என் ஐயம். மன்றோ 1940களில் சொந்தக் கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்றார் என்பது உண்மைதான். ஆனால் கூடாரமும் கூரைதானே.

1950களின் நடுவில் ராக் அண்ட் ரோல் எழுந்ததும் இக்குழுக்களுக்கு வருமானம் சுருங்கியது. அவற்றைத் தாங்கிப் பிடித்தது எதிர்பாராத ஓர் அவை: நகரத்து மாணவர்கள். 1959 ஏப்ரலில் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் நடத்திய நிகழ்ச்சியில் ஏர்ல் டெய்லரின் குழு வாசித்தது. அந்த அரங்கில் ஒலித்த முதல் புளூகிராஸ் அதுதான். 1960 மார்ச்சில் ஓஹியோவின் ஆன்டியாக் கல்லூரியில் ஆஸ்பார்ன் சகோதரர்கள் என்ற புளூகிராஸ் குழு வாசித்தது.

1961 பிப்ரவரியில் சிகாகோ பல்கலைக்கழக நாட்டார் வழக்காற்றுச் சங்கம் தன் முதல் விழாவை மேண்டல் மண்டபத்தில் நடத்தியது. வெளியே சிகாகோவின் உறைபனிக் காலம். உள்ளே, 1903இல் கட்டிய மண்டபத்தில், கென்டக்கியின் டெய்சி என்ற சிற்றூரிலிருந்து வந்த ராஸ்கோ ஹோல்கம்ப், வட கரோலினாவின் ஃபிராங்க் புரொஃபிட், எலிசபெத் காட்டன், ஸ்டான்லி சகோதரர்கள் எனப் பலர் பாடினார்கள். அப்போது நாட்டுப்புறப் பாடல் அமெரிக்கா முழுவதும் விற்பனைச் சரக்காக மாறியிருந்தது. கிங்ஸ்டன் டிரியோ போன்ற மெருகேறிய குழுக்களை அழைத்திருந்தால் அரங்கு தானாகவே நிறைந்திருக்கும். மாணவர்கள் அதைச் செய்யவில்லை. பாடலைப் பிறந்த இடத்திலேயே கற்றவர்களுக்கு மேடையின் முதலிடத்தைக் கொடுத்தார்கள். இந்த முடிவு என் பார்வையில் இவ்வரலாற்றின் திருப்புமுனை. அதுவரை சுரங்கத் தொழிலாளியாகவோ மர ஆலைக் கூலியாகவோ மட்டும் அறியப்பட்டிருந்த ஒருவர், ஒரு பல்கலைக்கழக அவை மூச்சடக்கிக் கேட்கும் கலைஞரானார். இரவில் கச்சேரி, பகலில் ஐடா நாய்ஸ் மண்டபத்தில் எல்லோருக்கும் இலவசமாகப் பயிலரங்கு என்ற அமைப்பு அந்த விழாவின் முத்திரையாக நிலைத்தது.

1963இல் அதே விழாவுக்குப் பில் மன்றோ வந்தார். அவரை நகரத்து மாணவர்களிடம் கொண்டுசேர்த்தவர் ரால்ஃப் ரின்ஸ்லர். அதே ஆண்டு ‘சிங் அவுட்’ இதழில் ரின்ஸ்லர் எழுதிய கட்டுரை, இந்த இசையின் தந்தை மன்றோவே என்று நிறுவியது. ஃபின்காசில் விழாவை நடத்திய ஹேனி இந்த ரின்ஸ்லரைச் சந்தித்தவர். மன்றோவை மையமாக வைத்து வரலாறு சொல்லும் பார்வை ஹேனிக்குள் ஊன்றியதற்கு அந்தத் தொடர்பும் ஒரு காரணம். ஃபின்காசில் விழாவின் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியைப் பாருங்கள். ஜிம்மி மார்ட்டின், மேக் வைஸ்மன், டான் ரெனோ, கார்ட்டர் ஸ்டான்லி என்று தன்னிடம் முன்பு வாசித்தவர்களோடு மன்றோ மீண்டும் சேர்ந்து நிற்க, புளூகிராஸின் கதை கட்டம் கட்டமாக மேடையேறியது. விழா என்பது இசையின் வரலாற்றைக் கற்பிக்கும் இடமுமாகும் என்ற கருத்து, பல்கலைக்கழக மண்டபத்திலிருந்து குதிரைப் பண்ணைக்கு நடந்து சென்ற கருத்து. நீல் ரோசன்பர்க் 1985இல் வெளியிட்ட புளூகிராஸின் பெரும் வரலாற்று நூல் இந்த இணைப்புகளையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. ஆனால் அதைப் படித்தவர்களும் பண்ணையையே நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த இருபது ஆண்டுகளில் திறந்தவெளி விழாக்கள் பெருகின. 1967இல் இந்தியானாவின் பீன் பிளாசமில் மன்றோவே தன் விழாவைத் தொடங்கினார். கோடையில் குழுக்களுக்கு ஓய்வில்லை, குளிர்காலத்தில் வேலையில்லை என்ற நிலை வந்தது.

அந்த இடைவெளியை நிரப்பிய விடுதி விழாக்களில் மாசசூசெட்ஸின் ஜோ வால் விழா குறிப்பிடத்தக்கது. ஜோ வால் பாஸ்டன் வட்டாரத்தில் தட்டச்சுப் பொறிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தவர். உச்சக் குரலில் பாடுவதிலும் மாண்டலினிலும் தெற்கத்திய கலைஞர்களே மதித்தவர். அப்பலாச்சிய மலைகளில் பிறக்காத ஒருவரும் இந்த இசையைத் தனதாக்கிக்கொள்ள முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. 1985இல் அவர் மறைந்தார். பாஸ்டன் புளூகிராஸ் சங்கம் அவர் பெயரில் பிப்ரவரியில் நடத்தும் விழா ஃபிரேமிங்ஹாம் நகரத்து விடுதி ஒன்றில் ஊன்றி வளர்ந்தது. மேற்குக் கரையில், வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் 1994இல் ‘விண்டர்கிராஸ்’ தொடங்கியது; 2010இல் பெல்வியூவுக்கு இடம்பெயர்ந்தது.

விடுதிக்குள் நுழைந்ததும் விழாவின் உள்ளமைப்பு மாறியது. பண்ணையில் கார் நிறுத்தும் இடத்திலும் கூடாரங்களுக்கு இடையிலும் அன்பர்கள் கூடி வாசித்த வழக்கம் இங்கே தாழ்வாரங்களிலும் மாடிப்படித் திருப்பங்களிலும் அறைகளிலும் குடியேறியது. கருவியைப் பனிக்கும் வெயிலுக்கும் காக்க வேண்டிய கவலை இல்லை; விடியும்வரை வாசிக்கலாம். முதன்முதலாகப் பாஞ்சோ எடுத்தவரும் முப்பது ஆண்டு வாசித்தவரும் ஒரே வட்டத்தில் நிற்கிறார்கள். இதற்கு விலையும் உண்டு. கூடாரம் அடிக்க ஆகும் செலவும் நட்சத்திர விடுதி அறைக்கு ஆகும் செலவும் ஒன்றல்ல. உழைக்கும் மக்களின் வீடுகளில் வளர்ந்த இசை, கட்டணம் தாங்கக்கூடியவர்களின் வாரக் கடைசியாகச் சுருங்கும் ஆபத்தை உள்ளரங்க விழாக்கள் இன்னும் முழுமையாகத் தீர்க்கவில்லை.

உள்ளரங்கின் பழைய வழக்கமும் திரும்பியது: 1990களில் டெல் மெக்கூரி குழு ஒற்றை மைக்கைச் சுற்றி நின்று வாசிக்கும் பழைய முறையை மீண்டும் கையிலெடுத்தது. மெக்கூரி 1963இல் மன்றோவின் குழுவில் கிட்டார் வாசித்தவர். ஒலிபெருக்கித் தொழில்நுட்பம் எவ்வளவோ வளர்ந்த பிறகும் இந்த முறையைப் பல குழுக்கள் பின்பற்றின. நாஷ்வில்லில் இருபது ஆண்டு கிட்டத்தட்ட மூடிக்கிடந்த ரைமன் அரங்கு 1994இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தபோது, அதன் கோடை நிகழ்ச்சிகளில் புளூகிராஸ் இரவுகளும் இடம்பெற்றன. விடுதி விழாக்களிலோ, ஃபிரேமிங்ஹாமிலும் பெல்வியூவிலும், குழந்தைகளுக்கான இசைப் பயிற்சி விழாவோடு சேர்ந்தே நடக்கிறது. பயிற்சி முடிந்ததும் அவர்களும் மேடையேறுகிறார்கள்.