ஒருவழிக் கதவு: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தும் கருப்பினப் பயிற்சியாளர்களும்

1969 நவம்பர் 29 அன்று ஃப்ளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில், கருப்பினத்தவருக்கான ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணி, வெள்ளையர் மிகுந்த டாம்பா பல்கலைக்கழக அணியை அமெரிக்கக் கால்பந்தில் 34-28 என வென்றது. இன ஒதுக்கல் கோலோச்சிய தென்மாநிலங்களில் இவ்விருவகை நிறுவனங்கள் களத்தில் சந்தித்த முதல் ஆட்டமாக அது குறிக்கப்படுகிறது. வென்ற அணியின் பயிற்சியாளர் ஜேக் கெய்தர் 1945 முதல் 203 வெற்றிகள் கண்டவர். அந்தப் பருவத்தோடு அவர் ஓய்வு பெற்றார்.

அதன்பின் கதவு திறந்தது, ஆனால் ஆட்டக்காரர்களுக்கு மட்டும். 1970இல் அலபாமா பல்கலைக்கழகம் முதன்முறையாகக் கருப்பின ஆட்டக்காரர் ஒருவருக்குக் கால்பந்து உதவித்தொகை அளித்தது. கருப்பினக் கல்லூரிகளை நாடிவந்த திறமைசாலிகள் விரைவிலேயே பெரும் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர். அவர்களை உருவாக்கிய ஆசான்களை எவரும் உடன் அழைக்கவில்லை. கிராம்ப்ளிங்கில் 1941இல் பொறுப்பேற்று 1997 வரை பணியாற்றிய எடி ராபின்சன் 408 வெற்றிகள் பெற்றார். 1985இல் அலபாமாவின் புகழ்பெற்ற பேர் பிரையன்ட்டின் 323 வெற்றிகளையும் கடந்தார். ஆயினும் வெள்ளையர் மிகுந்த பல்கலைக்கழகம் எதிலும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை.

இதனை முதலில் உணர்ந்தவர்கள் மாணவர்களே. 1970இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கருப்பின ஆட்டக்காரர் ஒன்பது பேர் வசந்தகாலப் பயிற்சியைப் புறக்கணித்தனர் (வரலாற்றில் இவர்கள் 'சிரக்யூஸ் எட்டுப் பேர்' என்றே நிலைத்துவிட்டது வேடிக்கை). கருப்பினத் துணைப் பயிற்சியாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று.

தடை எழுதப்பட்ட விதியாக இல்லாததே அதன் வலிமை. ஆட்டத்தை வழிநடத்தும் மைய இடங்கள் வெள்ளையருக்கும், வேகமும் உடல்வலுவும் வேண்டும் இடங்கள் கருப்பினத்தவருக்கும் என்ற பிரிவினை களத்திலேயே வேரூன்றியிருந்ததைச் சமூகவியலாளர் அக்காலத்திலேயே சுட்டிக்காட்டினர். பயிற்சியாளர்கள் பெரும்பாலும் மைய இடங்களில் ஆடியவர்களிலிருந்தே தேர்வாயினர். நியமனமோ விளையாட்டு இயக்குநர், முன்னாள் மாணவர், நன்கொடையாளர் ஆகியோரின் நெருங்கிய வட்டத்துக்குள் முடிந்தது.

கிடைத்த வாய்ப்புகளின் தன்மையும் கவனத்துக்குரியது. 1979இல் வில்லி ஜெஃப்ரீஸ் முதல்நிலைப் பிரிவில் வெள்ளையர் மிகுந்த பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் கருப்பினத் தலைமைப் பயிற்சியாளரானார். அவரை அமர்த்திய விச்சிட்டா ஸ்டேட் 1986 பருவத்தோடு கால்பந்தையே கைவிட்டது. 1981இல் டென்னிஸ் கிரீன் ஏற்ற நார்த்வெஸ்டர்ன் அணி, முந்தைய பருவத்தில் ஆடிய 11 ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. ஒழுகும் வீட்டின் சாவியே அவர்கள் கைக்கு வந்தது.

சில்வெஸ்டர் குரூமின் கதை இதனினும் கூர்மையானது. அலபாமாவில் பிரையன்ட்டின் கீழ், மைய இடமான சென்டரிலேயே ஆடிச் சிறந்தவர். 'அனுபவ இடம்' என்ற சாக்கு அவரிடம் செல்லாது. 2003இல் அலபாமா அவரை விடுத்து மைக் ஷூலாவை நியமித்தது. அவ்வாண்டு டிசம்பரில் மிசிசிப்பி ஸ்டேட் அழைத்தபோதுதான், தென்கிழக்கு மாநாட்டுக்கு முதல் கருப்பினத் தலைமைப் பயிற்சியாளர் கிடைத்தார். அந்த அணி அப்பருவத்தில் இரண்டே ஆட்டங்களில் வென்றிருந்தது.

பொறுமையும் சமமாகப் பங்கிடப்படவில்லை. நோட்ர டேமில் பாப் டேவிக்கு ஐந்து பருவங்கள் வாய்த்தன. அடுத்து வந்த டைரோன் வில்லிங்ஹம், முதல் பருவத்தில் பத்து வெற்றிகள் ஈட்டியும், மூன்றாம் பருவ முடிவில் 2004இல் நீக்கப்பட்டார்.

அதே நோட்ர டேமின் மார்கஸ் ஃப்ரீமன், 2025 ஜனவரி 9 அன்று ஃப்ளோரிடாவில் நடந்த அரையிறுதியில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினின் பென் ஸ்டேட் அணியை 27-24 என வென்றார். இருவருமே கருப்பினத்தவர், எவர் வென்றிருந்தாலும் தேசிய இறுதியாட்டத்தை எட்டிய முதல் கருப்பினத் தலைமைப் பயிற்சியாளராகியிருப்பார். இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் ஃப்ரீமனின் அணி 34-23 எனத் தோற்றது.