ஜான் குக் போர்னின் இருப்புப்பாதைப் படங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டானிய நிலத்தோற்ற ஓவிய வரலாறு டர்னர், கான்ஸ்டபிள் ஆகியோரைச் சுற்றியே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. தொழிற்புரட்சி நிலத்தை அகழ்ந்தும் துளைத்தும் உருமாற்றியதை நேரில் கண்டு வரைந்தோர் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கின்றனர். அவருள் ஜான் குக் போர்ன் (1814-1896) தனித்துக் கருதத்தக்கவர்.

இலண்டனில் பிறந்த போர்ன், டர்னரின் ஓவியங்களை உலோகத் தகட்டில் செதுக்கிப் புகழ்பெற்ற ஜான் பையிடம் பயின்றார். ஒளியையும் நிழலையும் வண்ணத்தின் துணையின்றிப் பிரித்துக் காட்டும் பயிற்சி அங்கே வாய்த்தது. ராபர்ட் ஸ்டீவன்சன் பொறியாளராக இருந்து அமைத்த இலண்டன்-பர்மிங்காம் இருப்புப்பாதையின் பணிகளை அவர் 1836 முதல் தம் விருப்பத்தின் பேரிலேயே வரையத் தொடங்கினார். பழம்பொருள் ஆய்வாளர் ஜான் பிரிட்டன் அவற்றைக் கண்டு வெளியிடத் தூண்டினார். அவருடைய விளக்கவுரையுடன் 1838-39இல் படங்கள் கல்லச்சில் வெளிவந்தன. இருப்புப்பாதை மீது மக்களிடையே நிலவிய வெறுப்பைத் தணிப்பதும் பிரிட்டனின் நோக்கங்களுள் ஒன்று.

எனினும் படங்கள் அந்நோக்கத்தைக் கடந்து நிற்கின்றன. டிரிங் அகழ்வைக் காட்டும் படம் 1837 ஜூன் 17 எனவும், கில்ஸ்பி சுரங்கத்தின் பணித்துளையைக் காட்டும் படம் ஜூலை 8 எனவும் நாள் குறிக்கப்பட்டவை. அழகுக்காக வரையும் ஓவியர்க்கு நாள் வேண்டுவதில்லை. சான்று விட்டுச்செல்ல விரும்புவோர்க்கே அது வேண்டும். டிரிங்கில் மண் நிறைந்த தள்ளுவண்டிகளைச் செங்குத்தான பலகைப் பாதையில் மேலேற்றினர். கரைமேல் நின்ற குதிரை கயிற்றை இழுக்க, தொழிலாளி வண்டியின் கைப்பிடியைப் பற்றியவாறே ஏறுவார். குதிரை இடறினால் வண்டியை ஒருபுறம் தள்ளிவிட்டு அவர் மறுபுறம் விழவேண்டும். இதனைப் போர்ன் மிகைப்படுத்தாமல், அன்றாட நிகழ்ச்சியாகவே தீட்டியுள்ளார். கில்ஸ்பியில் புதைமணல் நீரை இறைத்து வெளியேற்றவே ஏறத்தாழ 19 மாதங்கள் ஆயின. அங்கே மேலிருந்து துளைவழி இறங்கும் ஒளியில் தொழிலாளர் சிற்றுருவங்களாகத் தெரிகின்றனர். கால்வாய் வெட்டியோர் காலத்திலிருந்து 'நாவி' என்று அழைக்கப்பட்ட இம்மக்களை அக்காலச் செய்தித்தாள்கள் பெரும்பாலும் குடிகாரர், கலகக்காரர் என்றே எழுதின. போர்னின் படங்களில் அவர்கள் வேலை செய்பவர்கள்.

1846இல் வெளிவந்த கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதைத் தொகுதி இதனின்றும் வேறுபட்டது. பாதை 1841இலேயே நிறைவுற்றிருந்தமையால் மெய்டன்ஹெட் பாலமும் பாக்ஸ் சுரங்க வாயிலும் முடிந்த கட்டடங்களாகவே காட்சியளிக்கின்றன. தொழில்நுட்பத்தில் இத்தொகுதி குறையுடையதன்று; ஆயின் மண்ணும் கயிறும் சாரமும் மறைந்தவுடன் மனிதரும் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். தொழிற்புரட்சியையும் கலையையும் இணைத்து ஆராய்ந்த பிரான்சிஸ் கிளிங்கெண்டரின் நூல் 1947இல் வெளிவந்த பின்னரே போர்னின் பெயர் ஆய்வாளரிடையே மீண்டும் பரவியது.

பின்னர் போர்ன், சார்லஸ் விக்னோல்ஸ் என்னும் பொறியாளர் கீவ் நகரில் தினீப்பர் ஆற்றின் குறுக்கே கட்டிய தொங்குபாலப் பணியைப் பதிவு செய்யச் சென்றார். அப்பாலம் 1853இல் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ரோஜர் ஃபென்டன் அதனைப் படமெடுக்க ஒளிப்படக் கருவியுடன் அங்கு வந்திருந்தார். போர்ன் அதன்பின் நாற்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இருப்புப்பாதை பற்றிய மூன்றாம் தொகுதி வெளிவரவில்லை.