பற்காறையில் படிந்த நீலம்

எழுதியவர் மறைந்தபின்னும் எழுத்து நிற்கும் என்பது புலவர்தம் நம்பிக்கை. ஆயின், எழுத்து நின்றும் எழுதியவர் பெயர் நில்லாது போவதும் உண்டு. ஐரோப்பிய இடைக்காலத்தில் கையெழுத்துச் சுவடிகளை எழுதியும் வண்ணந்தீட்டியும் உருவாக்கிய பெண்டிர் பலரது நிலை இதுவே. அவர்களுள் ஒருத்தியின் தொழிலுக்கு அவள் பல்லே சான்று பகர்ந்தது.

பற்காறையின் இயல்பு

பல்லின்மேல் படியும் மென்படலம் உமிழ்நீரிலுள்ள கால்சியம், பாஸ்பேட் ஆகியவற்றால் இறுகிக் கல்லாவதே பற்காறையாகும். உணவின் மாவுத்துகள், மகரந்தம், புகைக்கரி, தொழிலிடத்துத் தூசி எனப் பலவும் அதனுள் சிறைப்படுகின்றன. உடல் மண்ணான பின்னும் அது நூற்றாண்டுகள் கடந்து நிலைக்கும். இன்று பல் மருத்துவர் சுரண்டி எறியும் இப்பொருளைத் தொல்லியலார் ஆவணமாகக் கொள்வது இதனாலேயாம்.

தால்ஹைம் மடம்

செருமனியில் லிக்டனவ் நகரையடுத்த தால்ஹைமில் சிறியதொரு கன்னியர் மடம் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் அது தீக்கிரையாயிற்று. அதனைப் பற்றிய ஆவணங்கள் மிகச் சிலவே எஞ்சின. அதன் இடுகாட்டில் அகழப்பெற்ற எலும்புக்கூடுகளுள் ஒன்று, 45 முதல் 60 வயதிற்குள் இறந்த ஒரு பெண்ணினுடையது. கதிரியக்கக் கரிமக் கணிப்பின்படி அவள் காலம் கி.பி. 997க்கும் 1162க்கும் இடைப்பட்டது. கடும் உடலுழைப்பின் தடயம் அவள் எலும்புகளில் இல்லை. அவளது பெயரும் தெரியவில்லை. ஆய்வேட்டில் 'பி 78' என்னும் குறியே உள்ளது.

தனிமங்கள் உரைத்தவை

அவளது பற்காறையைக் கரைத்தபோது நூற்றுக்கு மேற்பட்ட நீலத்துகள்கள் வெளிப்பட்டன. நீலம் தரும் பொருள்கள் பல. செம்பைக் கொண்ட அசுரைட்டும், கோபால்ட் கலந்த கண்ணாடித்தூளும் அவற்றுட் சில. எனவே, மின்னணு நுண்ணோக்கியின் கீழ் எக்ஸ் கதிர் கொண்டு துகள்களின் தனிமங்கள் ஆராயப்பட்டன. சோடியம், அலுமினியம், சிலிக்கன், கந்தகம், கால்சியம் ஆகியன தென்பட்டன. செம்பும் கோபால்ட்டும் நிறத்திற்குக் காரணமல்ல என்பது தெளிவாயிற்று.

எனினும், தனிமப் பட்டியல் மட்டுமே கனிமத்தை உறுதி செய்யாது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி.வி. இராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறலை அடிப்படையாகக் கொண்ட நிறமாலை முறை அக்குறையைத் தீர்த்தது. துகள் லாபிஸ் லாசுலி என்னும் கருநீலக்கல் என முடிவாயிற்று. அனிதா ராதினி, கிறிஸ்டினா வாரின்னர் முதலியோர் இதனை 2019 சனவரியில் வெளியிட்டனர். அக்காலத்தில் ஐரோப்பா அறிந்த இக்கல் ஆப்கானித்தானத்துப் படக்சானிலிருந்து வந்தது. அதனின்று எடுக்கும் வண்ணத்திற்கு வழங்கும் 'அல்ட்ராமரின்' என்னும் பெயர் 'கடலுக்கு அப்பால்' எனப் பொருள்படும். பொன்னொடு ஒப்பிடத்தகும் விலையுடைய அதனைத் தேர்ந்த கைவினைஞரிடமே ஒப்படைப்பர்.

நால்வகை விளக்கம்

இந்நீலம் வாய்க்குள் சென்ற வழி குறித்து ஆய்வாளர் நான்கு விளக்கங்களை எண்ணினர். தூரிகை முனையை நாவால் நனைத்துக் கூராக்கியிருக்கலாம், கல்லை அரைத்து வண்ணம் ஆக்குகையில் தூள் படிந்திருக்கலாம், மருந்தாக உண்டிருக்கலாம், திருவுருவ ஓவியங்களை முத்தமிட்டிருக்கலாம். பின்னிரண்டிற்கும் அவ்விடத்து, அக்காலத்துச் சான்று போதாமையின் முன்னிரண்டே பொருந்துவன என்பது அவர்தம் துணிபு. துகள்கள் ஓரிடத்தில் குவியாது பரவலாகக் கிடந்தமை, பலமுறை நிகழ்ந்த தொடர்பைக் காட்டுகிறது.

பெயரும் பணியும்

12ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட சுவடிகளுள் பெண்டிர் எழுதியனவாக அடையாளம் காணப்பட்டவை நூற்றுக்கு ஒன்றிற்கும் குறைவு. கூடா என்னும் துறவி தன் உருவையும் பெயரையும் ஒரு முதலெழுத்தினுள்ளே வரைந்துவைத்தாள். வெசோபுருன் மடத்துத் தியேமுத் நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்களைப் படியெடுத்தாள். இவர்கள் அரிதாகப் பெயர் எஞ்சியோர். ஏனையோர் பணிவு கருதிப் பெயர் பொறிக்காது விட்டனர். பெயர் பொறியாத சுவடியெல்லாம் ஆடவர் கைவண்ணம் என்று கொண்ட பழங்கருத்தைத் தால்ஹைம் பெண்ணின் பல் ஐயத்திற்குரியதாக்கியது.

அவள் தீட்டிய ஏடு எது என்று எவரும் சுட்டமுடியவில்லை. ஆயினும், கையொப்பம் இன்மை உழைப்பு இன்மை ஆகாது என்னும் உண்மையை அந்நீலம் நிலைநாட்டிவிட்டது. பெயரறியாச் சுவடியொன்றைக் கையிலெடுக்குந்தோறும் இலக்கிய வரலாற்றார் இதனை நினைவிற் கொள்ளல் கடன்.