நட்சத்திரங்கள் படிப்பித்த பள்ளிக்கூடம்



சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் ஊரில் ஒரு பேச்சு எழும். "வெளியிலிருந்து பெயர்போன சேர் ஒருவரைக் கூப்பிட்டு ஒருநாள் கருத்தரங்கு வைத்தால் பிள்ளைகள் பாஸாகிவிடுவார்கள்." இந்த நம்பிக்கையைப் பிரித்தானியாவில் ஒரு தொலைக்காட்சி பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

சனல் 4 என்றால் எமக்கு 2011 ஜூனில் அவர்கள் ஒளிபரப்பிய இறுதி யுத்தப் படம்தான் நினைவுக்கு வரும். அதே ஆண்டு மார்ச்சில் அதே சனலில் 'ஜேமியின் கனவுப் பள்ளி' என்ற ரியாலிட்டி நிகழ்ச்சி தொடங்கியது. நடத்தியவர் சமையல் கலைஞர் ஜேமி ஒலிவர். அவரும் 16 வயதில் இரண்டே பாடச் சித்தியுடன் பாடசாலையை விட்டு வெளியேறியவர். எமது சா/த போன்ற பரீட்சையில் ஐந்து நல்ல சித்திகள்கூடப் பெறாத 20 இளையோரைச் சேர்த்தார்.

படிப்பிக்க வந்தவர்களைப் பாருங்கள். விஞ்ஞானத்துக்கு ரொபேர்ட் வின்ஸ்டன், ஆங்கிலத்துக்கு நடிகர் சைமன் காலோ, லத்தீனுக்குக் கேம்பிரிட்ஜ் பேராசிரியை மேரி பியர்ட், வரலாற்றுக்கு டேவிட் ஸ்டார்க்கி. 2005 இல் பாய்க்கப்பலில் தனியாக 71 நாளில் உலகைச் சுற்றிவந்த எலன் மக்காத்தர் பிள்ளைகளைக் கடலுக்கே கூட்டிப்போனார்.

நடந்தது என்ன? பல வகுப்புகளில் சத்தமும் கைத்தொலைபேசியும்தான். ஸ்டார்க்கி ஒரு மாணவனின் உடற்பருமனைச் சொல்லி அவமதித்தார். மாணவனும் திருப்பிக் கொடுத்தான். பாடம் குழம்பியது. அவருடைய அறிவில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வகுப்பறையைக் கையாள்வது தனித் தொழில். கலாசாலையில் கற்பித்தல் பயிற்சிக்குப் போன எவருக்கும் இது முதல் வாரத்திலேயே விளங்கிவிடும்.

அப்படியென்றால் பிரபலமானவர்கள் பாடசாலைக்கு வரக்கூடாதா? வரலாம். எமது வடக்கிலேயே அதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். வறிய முஸ்லிம் மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்க 1945 இல் ஒரு நிதியம் அமைத்தார். 1948 இல், நாடே மதித்த அந்தப் பதவியை விட்டுவிட்டு, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை 13 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஒரு வகுப்பு தரம் ஒன்றில் நுழைந்து க.பொ.த. உயர்தரம் முடித்து வெளியேறும் காலம் அது.

கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் வீட்டுப் பிள்ளை வெட்டுக் காலத்தில் ஏன் வகுப்புக்கு வரவில்லை, எந்தப் பிள்ளை பின்னக் கணக்கிலேயே நிற்கிறது என்பதெல்லாம் ஒருநாள் வந்து போகிறவருக்குத் தெரியாது. அவர் பாவம், மைக்கில் பேசிவிட்டு பஸ் ஏற வேண்டியவர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கருத்தரங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குச் சேர்க்கும் பணத்தில் பாதியையாவது, அடம்பனிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாரம் இரண்டு பின்னேரம் கணிதம் சொல்லிக்கொடுக்கக்கூடிய எமது பட்டதாரிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். தரம் 11 இல் இல்லை, தரம் 8 இலேயே தொடங்குவோம்.

நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் கீழே பதிவிடுங்கள்.