மைதானத்தின் ஓரத்தில் நின்றவர்கள்



ஊவா மலைச்சாரலில் ஹாலிஎலையில் வாழும் நான் ஹொக்கி விளையாட்டின்மீது காதல் கொண்டது வானொலியின் வாயிலாகவே. 1980 ஆம் ஆண்டு யூலை மாதம் மொஸ்கோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் இந்திய அணி ஸ்பெயினை 4க்கு 3 என்ற கணக்கில் வென்றது. அணித்தலைவர் வாசுதேவன் பாஸ்கரன் தமிழ்நாட்டவர். செய்தி எங்கள் லயத்தை எட்டியபோது பெரியோரும் சிறுவரும் அவர் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னோம். அவருக்கும் அணிக்கும் கற்றுக்கொடுத்தவர் யார் என்று ஒருவரும் வினவவில்லை. நானே ஆசிரியனாகி, பின்னர் அதிபராகிய பிறகுதான் அவ்வினா என் உள்ளத்தில் எழுந்தது.

இந்திய ஹொக்கியின் முதல் ஆசான்களுள் ஒருவர் இராணுவ வீரர். இளம் தியான் சந்துக்குப் படைமுகாமிலே கோலைப் பிடிக்கக் கற்பித்தவர் சுபேதார் மேஜர் பாலே திவாரி. அம்மாணவர் 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார். 1932 இல் லொஸ் ஏஞ்சலிஸ் செல்லும் வழியில் அவ்வணி கொழும்பில் இறங்கி விளையாடியது என்பது நமக்கும் பெருமை தருவதாகும்.

அடுத்தவர் ஹர்பைல் சிங். அமிர்தசரஸ் கால்சா கல்லூரியிலே பயிற்சியளித்த அவர், பல்பீர் சிங் என்ற மாணவரின் திறமையைக் கண்டறிந்து வளர்த்தார். 1952 இலும் 1956 இலும் அவரது பயிற்சியில் இந்தியா தங்கம் வென்றது. 1952 ஹெல்சிங்கி இறுதியாட்டத்தில் நெதர்லாந்துக்கு எதிராக அடிக்கப்பட்ட ஆறு கோல்களில் ஐந்து பல்பீருடையவை. அதே பல்பீர் 1975 இல் கோலாலம்பூர் உலகக் கிண்ணப் போட்டிக்கு முகாமையாளராகச் சென்றார். பயிற்சியாளர் குர்சரண் சிங் போதி. மலேசியாவுடனான அரையிறுதியில் 1க்கு 2 எனப் பின்தங்கியிருந்த வேளையில், அதுவரை வெளியே அமர்ந்திருந்த அஸ்லம் ஷேர் கானைக் களமிறக்கினார் பல்பீர். அவர் அடித்த கோல் ஆட்டத்தைச் சமன் செய்தது. இந்தியா அவ்வாட்டத்தையும், பின்னர் பாகிஸ்தானை வென்று கிண்ணத்தையும் கைப்பற்றியது. எந்த மாணவனை எப்போது எழுப்ப வேண்டும் என்றறிவதே ஆசிரியத் தொழிலின் உயிர்நாடி அன்றோ?

1976 மொன்றியல் ஒலிம்பிக்கிலிருந்து செயற்கைப் புற்றரை வந்தது. புல்வெளியில் பந்தை வளைத்து நெளித்து ஆடிய கலைக்குப் பதிலாக ஓட்டமும் உடல்வலிமையும் தேவைப்பட்டன. அவ்வாண்டு இந்தியா ஏழாமிடம் பெற்றது. ஆடுகளம் மாறிய குற்றம் காலப்போக்கில் பயிற்சியாளர்கள் தலையில் விழுந்தது. 1998 இல் 32 ஆண்டுகளுக்குப் பின் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றளித்த மகாராஜ் கிஷன் கௌசிக் சிறிது காலத்திலேயே பொறுப்பிழந்தார். பாஸ்கரனும் இதற்கு விலக்கல்லர். 2000 சிட்னியில் அவர் பயிற்சியாளர். போலந்துடனான ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த ஒரு கோல் அரையிறுதி வாய்ப்பைப் பறித்தது. பல மாத உழைப்பு அந்தக் கணத்தால் அளக்கப்பட்டது. 2006 உலகக் கிண்ணத்தில் அவரது அணி பதினோராமிடம் பெற்றது. 2008 இல் இந்தியா ஒலிம்பிக்கிற்கே தகுதி பெறாதபோது ஜோகிம் கார்வாலோ பதவி விலகினார்.

பின்னர் அயல்நாட்டார் வந்தனர். அவுஸ்திரேலியரான டெரி வால்ஷ் 2014 இல் ஆசியத் தங்கம் வென்ற சில வாரங்களிலேயே விடைபெற்றார். நெதர்லாந்தின் பால் வான் ஆஸ் 2015 இல் சில மாதங்களே நிலைத்தார். இன்னொரு அவுஸ்திரேலியரான கிரஹாம் ரீட்டுக்கோ 2019 முதல் ஏறக்குறைய நான்காண்டுகள் கிடைத்தன. 2021 இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5க்கு 4 என வென்று, 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் கைக்கு வந்தது. அவருக்குப் பின் வந்த கிரேக் புல்டனின் பயிற்சியில் 2024 பாரிஸிலும் வெண்கலம் கிடைத்தது. ஒருவர் இட்ட அத்திவாரத்தின்மேல் அடுத்தவர் சுவரெழுப்பினார்.

காலம் மட்டுமே வெற்றி தந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. திறமையற்றவரை நீண்டகாலம் வைத்திருப்பதால் பயனில்லை. ஆயினும் பாடம் முடியுமுன் ஆசிரியரை மாற்றிவிட்டுப் பரீட்சைப் பெறுபேற்றை மட்டும் கேட்பது நியாயமாகுமா? எங்கள் மலையகத் தோட்டப் பாடசாலைகளில் இதனை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். கணிதம் கற்பிக்க வந்த இளைஞர், பிள்ளைகளின் பெயர்களை மனங்கொள்ளுமுன்னரே இடமாற்றம் பெற்றுச் செல்வார். அடுத்தவர் வரும்வரை வகுப்பு காத்திருக்கும். பெறுபேறு குறைந்தால் பழி பிள்ளைகள்மீது விழும்.

ஆகவே, நேயர்களே, இனி ஒரு வெற்றிச் செய்தியைக் கேட்கும்போது, கோல் அடித்தவர் பெயரோடு நில்லாது, அவருக்குக் கற்பித்தவர் பெயரையும் கேட்டறியுங்கள். உங்கள் பிள்ளையின் ஆசிரியர் பெயரையும் இன்றே கேட்டு வையுங்கள்.